ஸ்ட்ரைக்கர் வாங்கினால் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

கால்பந்து சீசன் முடிந்ததும் வரும் கடிதங்களில் பாதி புலம்பல், பாதி திட்டம். திட்டமுள்ள கடிதங்களுக்கே இந்த முறை இடம். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறோம்.

சாட்ஸ்வொர்த் வாசகர்: எங்கள் ஞாயிற்றுக்கிழமை அணி 22 ஆட்டத்தில் 38 கோல் போட்டது, 41 வாங்கியது. "நல்ல ஸ்ட்ரைக்கர் ஒருத்தரைப் பிடித்துப் போட்டால் லாக்கில் (புள்ளிப் பட்டியலில்) மேலே போய்விடலாம்" என்று கமிட்டி ஒற்றைக் காலில் நிற்கிறது. சரிதானா?

சரியில்லை. ஆட்டத்துக்கு 1.7 கோல் போடுகிற அணிக்கு ஸ்ட்ரைக்கர் பஞ்சம் கிடையாது. பானையின் அடியில் ஓட்டை. மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால் என்ன பயன்?

முதல் செலவு ஒரு நோட்டுப் புத்தகம். வாங்கிய 41 கோலுக்கும் கோலுக்கொரு வரி போடுங்கள். வரிக்கு நான்கு கட்டம்: எந்த நிமிடம், பந்தை எங்கே பறிகொடுத்தோம், கடைசிப் பாஸ் எந்தப் பக்கமிருந்து வந்தது, அந்த நேரத்தில் நம்மவர் எத்தனை பேர் பந்துக்குப் பின்னால் இருந்தார்கள். வீடியோ இல்லையென்றால் கோல்கீப்பரையும் இரண்டு சென்டர்-பேக்குகளையும் (நடுத் தடுப்பாளர்கள்) தனித்தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். ஒன்றாக உட்காரவைத்தால் மூவரும் சேர்ந்து ரெஃபரியைக் குற்றம் சொல்வார்கள்.

எழுதி முடித்ததும் ஏதாவது ஒரு கட்டம் கண்ணை உறுத்தும். இந்த மட்டத்து அணிகளில் அது பெரும்பாலும் ஒரே காட்சிதான்: நடுக்களத்தில் பந்து போகிறது, இரண்டு ஃபுல்-பேக்குகளும் (ஓரத் தடுப்பாளர்கள்) மேலே நிற்கிறார்கள், பின்னால் இரண்டே பேர். இதற்குப் புது ஆள் வேண்டாம், ஒரு விதி போதும். ஒரு ஃபுல்-பேக் ஏறினால் மற்றவர் உள்ளே வந்து சென்டர்-பேக்குகளோடு மூன்றாவது ஆளாக நிற்க வேண்டும். அவர்களுக்கு முன்னால் பத்து மீட்டருக்குள் ஒரு மிட்ஃபீல்டர் (நடுக்கள வீரர்). பந்து நம் காலில் இருக்கும்போதே இந்த நால்வரும் இடம் பிடித்துவிட வேண்டும். போன பிறகு ஓடிவருவது திருடன் போன பின் கதவைச் சாத்துகிற வேலை.

பயிற்சி இப்படி: பாதி மைதானம், 7 பேர் தாக்குதல், 6 பேர் தடுப்பு. நடுக்கோட்டில் இரண்டு சின்னக் கோல்களைக் கூம்பு வைத்துக் குறியுங்கள். தடுப்பவர்கள் பந்தைப் பறித்ததும் அந்தச் சின்னக் கோல்களில் ஒன்றுக்குள் அடிக்க வேண்டும். இழந்தவர்களுக்கு மீட்க 5 விநாடி. 4 நிமிடம் ஆட்டம், 1 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று. முதல் வாரம் சின்னக் கோல்கள் நிரம்பி வழியும். அதற்காக விதியை மாற்றிவிடாதீர்கள்.

கோல்கள் 75-ஆம் நிமிடத்துக்குப் பிறகே குவிந்திருந்தால் கதை வேறு. அது மூச்சுப் பிரச்சினை. அதை வரைபலகையில் தீர்க்க முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவரைச் சேர்க்கத்தான் வேண்டுமென்றால் தடுப்பு மிட்ஃபீல்டரைத் தேடுங்கள். பார்க்கப் போகும்போது பத்து நிமிடம் பந்தை மறந்துவிட்டு அவர் தலையை மட்டும் கவனியுங்கள். பாஸ் வருவதற்கு முன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறாரா? பார்ப்பவருக்கு அடுத்த பாஸ் முன்கூட்டியே தெரிந்திருக்கும். பார்க்காதவர் ஷிபோபோ போட்டு (எதிரியின் கால்களுக்கு நடுவே பந்தை விட்டு) கைதட்டல் வாங்கலாம், ஆனால் அடுத்த நொடியே பந்தை எதிரியிடம் கொடுப்பார்.

ஃபீனிக்ஸ் வாசகர்: நான் கைசர் சீஃப்ஸ் ரசிகன். "முப்பத்தைந்து பேர் இருந்தால்தான் சன்டவுன்ஸோடு மோத முடியும்" என்கிறார் என் மச்சான். பிஎஸ்எல் (தென்னாப்பிரிக்கத் தொழில்முறை லீக்) அணிக்கு உண்மையில் எத்தனை பேர் வேண்டும்?

மச்சானிடம் ஒரு கால்குலேட்டரைக் கொடுங்கள். லீக் 30 ஆட்டம். 11 பேர், 90 நிமிடம் என்றால் ஆட்டத்துக்கு 990, ஆக 29,700 ஆள்-நிமிடம். மூன்று கோப்பைகளிலும் கடைசிவரை போனால் எம்டிஎன்8-ல் 4 ஆட்டம் (அரையிறுதி இரண்டு சுற்று), கார்லிங் நாக்அவுட்டில் 4, நெட்பேங்க் கோப்பையில் 5. மொத்தம் 43 ஆட்டம், 42,570 நிமிடம். சராசரியாக ஒருவர் 2,000 நிமிடம் ஆடினால் 22 பேர் போதும். காயம், சிவப்பு அட்டை, மூன்றாவது கோல்கீப்பர் எல்லாம் சேர்த்து 25. அதற்கு மேலிருப்பவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு பெஞ்சுக்குப் பின்னால் முகம் தூக்கி உட்கார்ந்திருப்பவர்கள். ஆப்பிரிக்கக் கோப்பையும் ஆடும் அணிக்கு மட்டும் இன்னும் இரண்டு மூன்று பேர் கூடலாம்.

எண்ணிக்கையைவிட வயதைப் பாருங்கள். நடுத் தூண் என்பது கோல்கீப்பர், இரண்டு சென்டர்-பேக், தடுப்பு மிட்ஃபீல்டர், ஸ்ட்ரைக்கர். இந்த ஐவரில் மூவர் ஒரே நேரத்தில் 31-ஐத் தாண்டினால் மூவரையும் ஒரே வருடத்தில் மாற்ற வேண்டிவரும். அங்கேதான் அணிகள் சரிகின்றன. ஒரு ஜன்னலுக்கு (வீரர்களை வாங்கி விற்கும் காலத்துக்கு) ஒருவர் என்று மாற்றினால் புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பழையவர் பக்கத்திலேயே இருப்பார். வெளிநாட்டு வீரர் ஐந்து பேர்தான் என்ற வரம்பும் இருக்கிறது. அந்த இடங்களைப் பெஞ்ச் ஆட்களுக்கு வீணாக்கக் கூடாது.

2025 மே மாதம் நம் மோசஸ் மபிடா மைதானத்தில் சீஃப்ஸ் பைரேட்ஸை 2–1 என வென்று, பத்தாண்டு வறட்சியை முடித்து நெட்பேங்க் கோப்பையைத் தூக்கியது. அதே சீசனில் லீக்கில் 9-ஆம் இடம். கோப்பைக்கு ஐந்து நல்ல நாள் போதும், லீக்குக்கு முப்பது வேண்டும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: மான்செஸ்டர் யுனைடெட் 2024–25-ல் 42 புள்ளியோடு 15-ஆம் இடத்துக்கு விழுந்ததற்குப் பயிற்சியாளர் அமோரிமின் 3-4-2-1 (பின்னால் மூவர், நடுவரிசையில் நால்வர், முன்னால் இருவர், உச்சியில் ஒருவர்) தான் காரணமா?

அதே அமைப்பில்தான் அமோரிம் ஸ்போர்ட்டிங்குக்கு 2021-லும் 2024-லும் போர்ச்சுகல் லீக்கை வென்று கொடுத்தார். குறை எண்ணில் இல்லை. நான்கு பேர் பின்வரிசைக்காகச் சேர்த்த அணியிடம், 2024 நவம்பரில், சீசன் நடுவே வேறு அமைப்பைக் கொடுத்தார்கள்.

இந்த அமைப்பு எங்கே கிழியும் என்று பாருங்கள். நடுவில் இரண்டே பேர். எதிரணி மூவரை வைத்தால் ஒருவர் சும்மா நிற்பார். அவரைப் பிடிக்க ஓரத்து சென்டர்-பேக் முன்னேறி வர வேண்டும். அவர் வரத் தயங்கினால் அந்த ஒருவர் திரும்பி நின்று நிதானமாகப் பாஸ் கொடுப்பார். அவர் வந்து, விங்-பேக்கும் (ஓரம் முழுக்க ஏறி இறங்குபவர்) மேலே மாட்டிக்கொண்டால் பின்னால் ஒரு தெருவே திறந்துவிடும். அந்த லீக் சீசனின் 18 தோல்விகளில் இந்தக் காட்சியை நீங்களே பலமுறை பார்த்திருப்பீர்கள்.

ஆகவே 3-4-2-1-க்கு ஆள் சேர்ப்பவர் முதலில் கேட்க வேண்டியது: நுரையீரல் உள்ள விங்-பேக் பக்கத்துக்கு இரண்டு பேர், பந்தோடு முன்னேறத் தெரிந்த இடதுகால் சென்டர்-பேக், நெரிசலில் திரும்பத் தெரிந்த இரண்டு 10-ஆம் எண்காரர்கள் (ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் ஆடுபவர்கள்). 2025 கோடையில் யுனைடெட் குன்யாவையும் எம்புவேமோவையும் வாங்கியது அந்தக் கடைசி இரண்டு இடங்களுக்கு. வாங்கும் வரிசை தப்பு என்பது எங்கள் எண்ணம்; விங்-பேக்குகளிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

டொங்காட் வாசகி: டிவி முன்னால் மகனும் அவன் அப்பாவும் "ஹை லைன்" என்று சண்டை போடுகிறார்கள். சன்டவுன்ஸ் டிஃபென்ஸ் ஏன் நடுக்கோடுவரை வந்து நிற்கிறது? பின்னால் பந்து போட்டால் என்ன ஆகும்?

போட விட்டால்தானே அம்மா ஆபத்து! அடுத்த முறை பந்து வைத்திருக்கும் எதிரணி வீரரை மட்டும் பாருங்கள். அவர் முதுகு காட்டி நின்றாலோ, தலை குனிந்திருந்தாலோ பின்வரிசை இரண்டடி முன்னேறும். தலை நிமிர்ந்து, பக்கத்தில் யாரும் நெருக்காமல் நின்றால் நால்வரும் ஒரே நேரத்தில் பின்வாங்க வேண்டும். ஒருவர் மட்டும் தூங்கினால் ஆஃப்சைட் கோடு உடைந்தது. முன்வரிசை நெருக்கடி கொடுக்காமல் பின்வரிசை மட்டும் ஏறினால் அப்பா சொல்வது சரி. இரண்டும் சேர்ந்தால் மகன் சொல்வது சரி.

மிச்சத்தைக் கோல்கீப்பர் துடைக்க வேண்டும். கோல்கீப்பர் ரான்வென் வில்லியம்ஸை, கேப் வெர்டேக்கு எதிராகத் தடுத்த நான்கு பெனால்டிக்காகவே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். சன்டவுன்ஸுக்கு அவரால் பெரிய லாபம், பெட்டிக்கு வெளியே வந்து காலால் ஆடுவதுதான்.

இசிப்பிங்கோ வாசகர்: எங்கள் ஜூனியர் கிளப்பில் வளர்ந்த பையன் நாளை வெளிநாட்டுக்கு விற்கப்பட்டால் எங்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும். ஃபிஃபா விதிப்படி, ஒப்பந்தம் முடியும் முன் வெளிநாட்டு மாற்றம் நடந்தால் தொகையில் 5% வளர்த்த கிளப்புகளுக்குப் பிரியும். 12 முதல் 15 வயதுவரை வருடத்துக்கு 0.25%, 16 முதல் 23 வரை 0.5%. முதல் நான்கு வருடமும் உங்களிடம் இருந்தவர் 1 கோடி ராண்டுக்குப் போனால் உங்கள் பங்கு 1 லட்சம். ஆனால் பையன் ஒவ்வொரு சீசனும் மைசாஃபாவில் (தென்னாப்பிரிக்கக் கால்பந்துச் சங்கத்தின் பதிவுத் தளம்) உங்கள் கிளப் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். போட்டோவும் கோப்பையும் சாட்சி ஆகாது.

வெருளம் வாசகர்: ஜூலையில் ஜோஹன்னஸ்பர்க் போட்டிக்குப் போகிறோம். மேட்டு நிலத்துக்கு என்ன தயாரிப்பு?

அங்கே உயரம் 1,700 மீட்டருக்கு மேல். முடிந்தால் ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு போய் இறங்குங்கள், இல்லையென்றால் ஒரு வாரம் முன்பே. இரண்டு மூன்று நாள் முன்பு போய் இறங்குவதுதான் மோசமான நடுவழி. நீளப் பந்து எதிர்பார்த்ததைவிடத் தூரம் போகும். கோல்கீப்பருக்கு வார்ம்-அப்பில் 20 தூர ஷாட்டுகளும் கிராஸ்களும் கொடுங்கள். மாற்று ஆட்களை 60-ஆம் நிமிடத்திலேயே இறக்குங்கள். பந்தை டர்பனில் 0.8 பார் (bar) அழுத்தத்துக்குக் காற்றடித்து எடுத்துப் போனால் அங்கே காற்றழுத்தம் குறைவதால் அளவி ஏறக்குறைய 1.0 காட்டும், கல் மாதிரி இருக்கும். அங்கே போய் மறுபடி அளந்து காற்றை இறக்குங்கள்.