வீட்டிலேயே பிள்ளைக்கு மது கொடுக்கும் பெற்றோரைச் சட்டப்படி தண்டிக்க முடியுமா?

கொடுத்தவரைத் தண்டிக்க முடியும். புதிதாகச் சட்டம் எதுவும் வேண்டாம். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் 77-ஆவது பிரிவு இருக்கிறது. மருத்துவர் சொல்லாமல் 18 வயது ஆகாத பிள்ளைக்கு மதுவோ புகையிலையோ யார் கொடுத்தாலும் 7 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அப்பா கொடுத்தால் விலக்கு என்றோ, வீட்டுக்குள் கொடுத்தால் பரவாயில்லை என்றோ அதில் இல்லை.

“எங்கள் கண் முன்னால் குடித்தால் வெளியே போய்க் கெட மாட்டான் என்று என் கணவர் சொல்கிறார்” என்று இந்தக் கேள்வியோடு எழுதியிருக்கிறீர்கள். இதே பேச்சை என் அக்கா வீட்டில் கேட்டிருப்பதால்தான் பதில் எழுதுகிறேன்.

திண்டுக்கல் பக்கம் அக்கா வீடு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மொட்டை மாடியில் மாமாவும் அவருடைய நண்பர்களும் உட்கார்ந்துவிடுவார்கள். ஐஸ் கொண்டு போவது, ஆம்லெட் கொண்டு போவது எல்லாம் என் அக்கா மகன்தான். அவன் பிளஸ் ஒன் வந்த வருஷம், “ஆம்பளப் பையன், பீர்தானே” என்று யாரோ ஒரு டம்ளர் நீட்டினார். மாமா தடுக்கவில்லை. அடுத்த வாரம் அவரே ஊற்றிக் கொடுத்தார். அக்கா கேட்டதற்கு, “உனக்கு ஒண்ணும் தெரியாது, கீழே போ” என்று பதில்.

சில மாதங்களில் பையன் வாடையோடு பள்ளிக்கூடம் போய் மாட்டினான். பள்ளியிலிருந்து போன் வந்தது அக்காவுக்கு. நானும் கூடப் போனேன். “வீட்டில் அம்மா என்று ஒருவர் இருந்தால் பிள்ளை இப்படி வருவானா?” என்று கேட்டார்கள். டி.சி. வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். என் அக்கா அழுதுகொண்டே கெஞ்சினாள். ஊற்றிக் கொடுத்தவரை வரச் சொல்ல வேண்டும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் சொன்ன பிறகும், “சார் பிஸியாக இருப்பார்” என்றார்கள்.

இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை: பள்ளிக்கூடங்களின் வாட்ஸ்அப் குழுவைப் பாருங்கள். பெயர் ‘பெற்றோர் குழு’, உள்ளே இருப்பது அம்மாக்கள். ஃபீஸ் பாக்கி, மதிப்பெண் குறைவு, முடி வெட்டவில்லை, எல்லாவற்றுக்கும் அம்மா எண்ணுக்குத்தான் போன். பரிசளிப்பு விழாவுக்கு மட்டும் அப்பா முன்வரிசையில். அதனால்தான் “பெற்றோரைத் தண்டியுங்கள்” என்று பொதுவாகச் சொன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது. யார் கையால் கொடுத்தாரோ, யார் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாரோ, அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தடுக்கப் பார்த்து முடியாமல் போனவளையும் சேர்த்துக் குற்றவாளி ஆக்கக் கூடாது. பெற்றோருக்குத் தெரியாமல் நண்பர்களோடு குடித்துவிட்டு வரும் பிள்ளைக்காக அப்பா அம்மாவை உள்ளே தள்ளச் சொல்லவும் இல்லை.

சரி, அப்புறம் நடந்தது. வீட்டுக்கு வந்ததும் 77-ஆவது பிரிவைத் தமிழில் எழுதி, அடுத்த ஞாயிறு மாடிக்கே போய் எல்லார் முன்னாலும் படித்தேன். “ஏழு வருஷம் வரைக்கும் உள்ளே போடலாம் மாமா. உங்களுக்கு மட்டுமில்லை, டம்ளர் நீட்டினவருக்கும்தான்.” மாமா கத்தினார். ஆனால் அரசு வேலையில் இருந்த அவருடைய நண்பர் அந்தத் தாளை வாங்கிப் படித்தார், எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். அக்கா வருஷக்கணக்கில் கெஞ்சியும் நடக்காதது அந்த ஒரு தாளில் நடந்தது. மாமா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பரவாயில்லை.

குடும்ப விஷயத்தைச் சந்திக்கு இழுக்கிறாள் என்று சிலர் எழுதுவீர்கள். 16 வயதுப் பையன் உடம்பு குடும்ப விஷயம் மட்டும் இல்லை. 2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் குடித்துவிட்டு ஓட்டிய சொகுசு கார் மோதி இரண்டு இளம் ஐ.டி. ஊழியர்கள் இறந்தார்கள். அவனுடைய அப்பா மீதும் சிறார் நீதிச் சட்டத்தின் 75 (பிள்ளையைக் கவனிக்காமல் விடுவது, கொடுமைப்படுத்துவது), 77 பிரிவுகளில் வழக்குப் போட்டுக் கைது செய்தார்கள். இரண்டு உயிர் போன பிறகுதான் அந்தப் பிரிவு ஊருக்கே தெரிந்தது.

வெளிநாட்டில் வீட்டில் கொடுக்கிறார்களே என்பார்கள். உண்மைதான், இங்கிலாந்தில் ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு வீட்டுக்குள் கொடுப்பது குற்றம் இல்லை. ஆனால் அதே நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி 2009-ல் சொன்ன அறிவுரை, குறைந்தது 15 வயது வரை மதுவே வேண்டாம் என்பது. நம் தமிழ்நாட்டில் கடையில் வாங்கவே 21 வயது ஆக வேண்டும்.

நீங்கள் முதலில் அந்தப் பிரிவை உங்கள் கணவரிடம் காட்டுங்கள், தனியாக வேண்டாம், அவர் மதிக்கும் பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு. பையனைச் சரக்கு வாங்கி வர அனுப்பும் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். பிள்ளையை மது சுமக்க வைப்பதற்கு 78-ஆவது பிரிவு இருக்கிறது, தண்டனை அதே அளவு. அதற்கும் அசையவில்லை என்றால் 1098-க்குக் கூப்பிடுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் அது, இலவசம், பெரியவர்களும் கூப்பிடலாம். நீங்கள் எப்போது, யாரிடம், எப்படித் தடுத்தீர்கள் என்பதையும் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குப் பள்ளிக்கூடத்திலோ ஸ்டேஷனிலோ “அம்மா என்ன செய்தீர்கள்?” என்றுதான் முதலில் கேட்பார்கள்.