இதயம் பத்தி நீங்க சொல்லாதீங்க, பசங்களை அளக்க விடுங்க

குடும்பமா விளையாடிக்கிட்டே பசங்களுக்கு இதய ஆரோக்கியத்தை எப்படி சொல்லிக்குடுக்கறதுன்னு கேட்டிருக்கீங்க. எங்க வீட்ல பலன் குடுத்தது ஒரே விஷயம்தான், நாங்க சொல்றதை நிறுத்திட்டு அளக்கற வேலையை பசங்ககிட்ட குடுத்துட்டோம். "இது ஹார்ட்டுக்கு கெடுதல், அது கொழுப்பு"ன்னு சொன்னா ஏழு வயசுக் குழந்தைக்கு அது இன்னொரு திட்டு, அவ்ளோதான். அதே குழந்தை கையில ஒரு ஸ்டாப்வாட்சைக் குடுத்து அப்பாவோட பல்ஸை எண்ணுன்னு சொல்லுங்க, வீட்ல ஒருத்தரையும் விடாது.

முதல்ல பல்ஸ் பாக்கக் கத்துக்குடுங்க. ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டையும் மணிக்கட்டுல கட்டைவிரல் பக்கமா லேசா வைக்கணும், ரொம்ப அழுத்தினா துடிப்பு தெரியாது, கட்டைவிரலால பாக்கவும் கூடாது ஏன்னா அதுலயே ஒரு துடிப்பு இருக்கு, குழப்பிடும். 15 செகண்ட் எண்ணி 4ஆல பெருக்கினா ஒரு நிமிஷத்துக்கான கணக்கு வந்துடும். சும்மா உக்காந்திருக்கும்போது பள்ளிக்கூட வயசுப் பசங்களுக்கு சுமாரா 70லேர்ந்து 100 வரைக்கும் இருக்கும், பெரியவங்களுக்கு 60லேர்ந்து 100. மூச்சை இழுக்கும்போது கொஞ்சம் வேகமாவும் விடும்போது கொஞ்சம் மெதுவாவும் போறதை பசங்களே கண்டுபிடிப்பாங்க, இந்த வயசுல அது சகஜம், பயப்பட வேண்டாம்.

அப்புறம் ஒரு பேப்பர்ல எல்லாரோட பேரையும் எழுதி மூணு கட்டம் போடுங்க, உக்காந்திருக்கும்போது எவ்ளோ, ஒரு நிமிஷம் குதிச்சதும் எவ்ளோ, ரெண்டு நிமிஷம் ஓய்வெடுத்தப்புறம் எவ்ளோ. விஷயமே அந்த மூணாவது கட்டத்துலதான் இருக்கு. துடிப்பு ஏறுறது எல்லாருக்கும் ஏறும், எவ்ளோ சீக்கிரம் இறங்குதுன்றதுதான் உடம்பு எவ்ளோ பழகியிருக்குன்னு காட்டும். தினமும் நடந்தாலோ ஓடி விளையாடினாலோ கொஞ்ச வாரத்துல அந்த எண் மாற ஆரம்பிக்கும், அதைப் பாத்த என் பொண்ணு தானாவே "அம்மா இன்னிக்கும் நடக்கப் போலாமா, உனக்கு இன்னும் குறையணும்"னு கூப்பிட ஆரம்பிச்சா. நான் எத்தனை தடவை சொல்லியிருந்தாலும் அது நடந்திருக்காது. தாத்தா பாட்டியை மட்டும் குதிக்க வைக்காதீங்க, மெதுவா நடந்தாலே போதும், சில பிபி மாத்திரைங்க துடிப்பையே குறைக்கும்ன்றதால அவங்க எண்ணை மத்தவங்களோட ஒப்பிடவும் வேண்டாம்.

ஓடினா நெஞ்சு வலிக்குது, தலை சுத்தி மயக்கம் வருதுன்னு எந்தக் குழந்தையாவது சொன்னா விளையாட்டை அங்கயே நிறுத்திட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க, இதுல மட்டும் அலட்சியம் வேண்டாம்.

மழை நாள்ல ஸ்டெதாஸ்கோப் செய்யலாம். 1816ல ரெனே லாயெனெக்ன்ற பிரெஞ்சு டாக்டர் ஒரு தாளை சுருட்டி நோயாளி நெஞ்சுல வச்சுக் கேட்டதுலேர்ந்துதான் ஸ்டெதாஸ்கோப்பே வந்துச்சு, அதனால பசங்களும் கெட்டி அட்டையைக் குழாயா சுருட்டி அதையே செய்யட்டும். டிவி, ஃபேன் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடுங்க. கேக்கற லப் டப் சத்தம் வால்வுங்க மூடற சத்தம்னு சொன்னா உடனே வால்வுன்னா என்னன்னு கேப்பாங்க. அதுக்கு ஒரு அகல வாய் பாட்டில்ல பாதி தண்ணி ஊத்தி, பலூனோட கழுத்தை வெட்டி எடுத்துட்டு மீதியை பாட்டில் வாய்மேல இழுத்து மாட்டுங்க. அதுல சின்னதா ரெண்டு ஓட்டை போட்டு வளையற ஸ்ட்ரா ரெண்டை தண்ணிக்குள்ள இறக்கி, ஒரு ஸ்ட்ராவோட வெளி நுனில மட்டும் அந்த வெட்டின கழுத்தை மாட்டி டேப் ஒட்டணும். நடுவுல அமுக்கி அமுக்கி விட்டா ஸ்ட்ரா வழியா தண்ணி வெளிய வரும், கையை எடுக்கும்போது கழுத்து மாட்டின பக்கம் அடைச்சுக்கும், வெளிய போன தண்ணி அது வழியா திரும்ப உள்ள வராது. தரையெல்லாம் ஈரமாகும், பரவால்ல. ஒரே திசையில மட்டும் போகணும்னா கதவு வேணும், அந்தக் கதவுதான் வால்வுன்றதை இதைவிடத் தெளிவா எந்தப் படமும் காட்டாது.

காத்திருக்கற நேரத்துல யாரோட இதயம் எவ்ளோ தடவை துடிக்கும்னு யூகிக்கச் சொல்லலாம். யானைக்கு நிமிஷத்துக்கு சுமாரா 30, சுண்டெலிக்கு 500க்கும் மேல, கடலுக்கடியில மூழ்கியிருக்கற நீலத் திமிங்கிலத்துக்கு 2 வரைக்கும்கூட இறங்கியிருக்கு.

சாப்பாட்டுப் பக்கம் நான் ஒண்ணே ஒண்ணுதான் செய்வேன், பாக்கெட்ல சோடியம் எவ்ளோன்னு தேடச் சொல்லி 2.5ஆல பெருக்கச் சொல்வேன், அதுதான் உப்பு. பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ளன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதாவது சுமாரா ஒரு டீஸ்பூன், பசங்களுக்கு அதைவிடக் கம்மி. கணக்கைப் போட்டதும் பாக்கெட்டை அவங்களே திரும்ப வைக்கறதும் உண்டு, வைக்காம வாங்கச் சொல்றதும் உண்டு, ரெண்டுக்கும் நான் ஒண்ணும் சொல்றதில்ல. எடையைப் பத்தியோ குண்டு ஒல்லின்னோ மட்டும் இந்த விளையாட்டுல யாரும் பேசக்கூடாதுன்னு கறாரா இருங்க.

அஞ்சுலேர்ந்து பதினேழு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு சராசரியா 60 நிமிஷம் மூச்சு வாங்கற மாதிரி ஓடியாடணும்னு அதே நிறுவனம் சொல்லுது, அதை உடற்பயிற்சின்னு பேர் வச்சுக் கெடுக்காதீங்க, கண்ணாமூச்சி, ஓடிப்பிடிச்சு, பாட்டு போட்டு ஆடறது எல்லாமே கணக்குதான்.

கொஞ்சம் பெரிய பசங்கன்னா சிபிஆரோட, அதாவது இதயம் நின்னுபோனவங்களோட நெஞ்சை அமுக்கற முதலுதவியோட வேகத்தை தலகாணி மேல பழகச் சொல்லுங்க, நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 தடவை அமுக்கணும், முறையா பயிற்சி குடுக்கறவங்க கிடைச்சா குடும்பமா போய்க் கத்துக்கலாம். சின்னவங்களுக்கு, யாராவது திடீர்னு விழுந்துட்டா ஆம்புலன்ஸ் நம்பர் என்ன, நம்ம வீட்டு அட்ரஸை எப்படி சொல்லணும்ன்றதை இன்னிக்கே மனப்பாடம் பண்ண வச்சிடுங்க.