விரலோடு நகரும் திரை: கேள்வி-பதில்

கே: ஃப்ளட்டரில் (ஆப் எழுதும் கூகுள் கருவி) கார்டை இழுக்கும்போது அது விரலுக்குப் பின்தங்கியே வருகிறது.

ப: கர்வை, அதாவது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஈஸிங்கை, எடுத்துவிடுங்கள். விரல் திரையில் இருக்கும்வரை லீனியர் (விரல் நகரும் அளவுக்கே நகர்வது) மட்டும்தான். ஈஸிங் எல்லாம் விரலை எடுத்த பிறகு.

கே: அனிமேஷன் திக்கித் திக்கி ஓடுகிறது. என்ன செய்ய?

ப: எந்த லைப்ரரி, எந்தப் போன், டீபக் பில்டா (சோதனைக்கானது, மெதுவாக ஓடும்) ரிலீஸ் பில்டா, எதுவும் எழுதவில்லை. இப்படிக் கேட்டால் யூகிக்கத்தான் முடியும். ரியாக்ட் நேட்டிவ் (ஜாவாஸ்கிரிப்டில் ஆப் எழுதும் கருவி) என்றால், விரலின் ஒவ்வொரு அசைவுக்கும் திரையை மறுபடி வரையவைக்கும் செட்ஸ்டேட்டைக் கூப்பிடுகிறீர்களா என்று பாருங்கள். ரீஅனிமேட்டட் என்ற அனிமேஷன் லைப்ரரியின் ஷேர்டு வேல்யூவுக்கு (அப்படி மறுபடி வரையாமலே அனிமேஷனை நகர்த்தும் மதிப்பு) மாறுங்கள். ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 60 ஹெர்ட்ஸ் திரையில் 16 மில்லிசெகண்டு, 120 ஹெர்ட்ஸ் திரையில் 8தான். அகலம், உயரத்தைத் தொடாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மும் (நகர்த்துவது, பெரிதாக்குவது) ஒபாசிட்டியும் (மங்கச் செய்வது) போதும்.

கே: யூஐகிட்டில் (ஐபோன் ஆப் திரைகளுக்கான ஆப்பிள் கருவி), பக்கத்தைப் பாதி இழுத்து விட்டுவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. ஆனால் ஓடிக்கொண்டிருந்த வீடியோ நின்றுபோகிறது. சில சமயம் திரையே கோளாறாகிவிடுகிறது. பயனர்கள் அப்படிப் பாதியில் விடுவது அபூர்வம்தானே?

ப: அபூர்வமே இல்லை. பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டு விடுவது எல்லோரும் செய்வது. நான் ரிவ்யூ செய்த புரோகிராம்களில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான்: முடிவதற்கான வழியை அழகாக எழுதுவார்கள், ரத்தாவதற்கு ஒரு வரிகூட இருக்காது. இழுக்கத் தொடங்கியதுமே ‘வியூ வில் டிஸ்அப்பியர்’ (பக்கம் மறையப்போகிறது) என்ற அறிவிப்பு வந்துவிடும். அது பக்கம் போய்விட்டதற்கான அறிவிப்பு அல்ல. ரத்தானால் ‘வியூ வில் அப்பியர்’ மறுபடி வரும். வீடியோவை நிறுத்துவது, டிராஃப்டை அழிப்பது எல்லாம் ‘டிட் டிஸ்அப்பியர்’ (மறைந்துவிட்டது) வரை காத்திருக்கட்டும். திரைக் கோளாறுக்கு, பக்க மாற்றம் முடிந்ததா என்று சொல்லும் ‘கம்ப்ளீட் டிரான்சிஷனு’க்கு எப்போதும் ட்ரூ கொடுக்கிறீர்களா என்று பாருங்கள். ரத்தாகியிருந்தால் ஃபால்ஸ் போக வேண்டும். அதைக் கூப்பிடவே மறந்தால் திரை உறைந்து நிற்கும். டெமோ காட்டுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் பாதி இழுத்து விட்டுப் பாருங்கள். அதே பக்கம் திரும்பும் வழியில் மறுபடி பிடித்தும் பாருங்கள்.

கே: பாதிக்கு மேல் இழுத்தால் முடி, இல்லையென்றால் ரத்து. சரிதானே?

ப: போதாது. சின்னதாகச் சுண்டுபவர் பாதியைத் தொடவே மாட்டார். விடும்போது இருந்த வேகத்தையும் சேர்த்து, எங்கே போய் நிற்கும் என்று கணக்கிட்டு முடிவெடுங்கள். அந்த வேகத்தையே ஸ்பிரிங்குக்கும் (ஸ்பிரிங்போல் துள்ளி நிற்கும் அனிமேஷன்) கொடுங்கள். யூஐகிட் கேட்பது வேகத்தை மிச்ச தூரத்தால் வகுத்த விகிதத்தை: 200 பாயின்ட் மிச்சம், வேகம் நொடிக்கு 100 என்றால் 0.5. அப்படியே 100ஐப் போட்டால் கார்டு பறந்துவிடும்.

கே: வெப்பில், மொபைலில் மட்டும் இழுப்பது நடுவில் அறுந்துபோகிறது.

ப: பிரவுசர் அதை ஸ்க்ரோல் என்று எடுத்துக்கொண்டு ‘பாயின்டர் கேன்சல்’ (தொடுதல் ரத்து) என்ற அறிவிப்பை அனுப்புகிறது. பக்கவாட்டு இழுப்புக்கு, மேல்-கீழ் ஸ்க்ரோலை மட்டும் பிரவுசரிடம் விடும் ‘டச்-ஆக்‌ஷன்: பேன்-ஒய்’ போடுங்கள். கேன்சல் வந்தாலும் கார்டு வீடு திரும்ப வேண்டும். பாதி இழுத்து விட்டுப் பாருங்கள், மறுபடி சொல்கிறேன்.

கே: மோஷன் குறைப்பை (அனிமேஷன் அசைவைக் குறைக்கும் செட்டிங்) ஆன் செய்தவர்களுக்கு ஜெஸ்ச்சரையே எடுத்துவிடலாமா?

ப: கூடாது. விரலோடு நகர்வது இருக்கட்டும். துள்ளலையும் பாரலாக்ஸையும் (பின்னணி வேறு வேகத்தில் நகர்வது) எடுங்கள். இழுக்க முடியாதவர்களுக்கு ஒரு பட்டனும் வையுங்கள்.