நெய்யை ஒளித்து ஊற்றலாமா?

கேள்வி: நாங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கம். தலைமுறையாகச் சைவம். தோட்டத்தில் இரண்டு மாடு இருக்கிறது, சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறோம். கோவையில் காலேஜ் படிக்கும் என் மகள் எட்டு மாதமாக வீகன். பால், தயிர், மோர், நெய் எதையும் தொடுவதில்லை. லீவுக்கு வந்தால் ரசம் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், பிஸ்கட், அவ்வளவுதான். முடி கொட்டுகிறது, எந்நேரமும் அசதி. "மாடு வளர்க்கறதாலதான் பூமி சூடாகுது, நாம சைவம்னு பெருமைப்பட ஒண்ணுமில்ல" என்கிறாள். என் மாமியார் கண்ணீர் விடாத குறை. தெரியாமல் பருப்பில் ஒரு கரண்டி நெய் விட்டுவிடட்டுமா? அவள் சொல்வதில் உண்மை உண்டா? நாளைக்குக் கல்யாணம், குழந்தை என்று வந்தால் என்ன ஆகும்? என் வீட்டுக்காரர் பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார், அவருக்கும் இதே கவலை.

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நெய் வேண்டாம். ஒளித்து ஊற்றுவது தப்பு என்பது இருக்கட்டும், அதனால் பலனும் இல்லை. நெய் கிட்டத்தட்ட முழுக்கக் கொழுப்பு. பாலில் இருந்த புரதமும் கால்சியமும் கடையும்போதே மோரோடு போய்விடும். உங்கள் மகளுக்குக் குறைவது எதுவும் அந்தக் கரண்டியில் இல்லை. ஆனால் வாசனை காட்டிக்கொடுத்துவிட்டால் அடுத்த லீவுக்கு உங்கள் சமையலை நம்பித் தட்டில் கை வைக்க மாட்டாள். அப்புறம் பிஸ்கட்தான் சாப்பாடு. அதிலும் ஒரு வேடிக்கை, பல பிஸ்கட்டில் பால் பொருள் இருக்கிறது. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.

முடியையும் அசதியையும் வீகன் தலையில் கட்டுவதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), வைட்டமின் பி12, வைட்டமின் டி, தைராய்டு ஆகியவை பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53 சதவீதத்துக்கும் மேல் ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. இவர்களில் பெரும்பாலோர் கறி, மீன் சாப்பிடுகிற வீட்டுப் பெண்கள்தான். ஆகவே மகளின் அசதிக்குப் பாலை விட்டதுதான் காரணம் என்று நானும் சொல்ல மாட்டேன், நீங்களும் முடிவுகட்ட வேண்டாம்.

இந்தப் பட்டியலில் பி12 மட்டும் தனி ரகம். அதை உருவாக்குவது பாக்டீரியாக்கள். மாடு போன்ற பிராணிகள் வழியாகப் பாலிலும் முட்டையிலும் கறியிலும் நமக்கு வந்து சேர்கிறது. கீரை, பருப்பு, தானியம் எதிலும் நம்பி இருக்கும்படி அது கிடையாது. பழைய சோற்றில் இருக்கிறது, சுருள்பாசியில் (ஸ்பைருலினா) இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். பழைய சோறு நல்ல உணவு, ஆனால் பி12-க்கு அதை நம்ப முடியாது. சுருள்பாசியில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடலுக்கு உதவாத போலி வடிவம்.

வழக்கமாக ஒருவரின் கல்லீரலில் சில ஆண்டுகளுக்குப் போதுமான பி12 சேமிப்பு இருக்கும். எட்டு மாதத்தில் தீராது. ஆனால் உங்கள் வீடு முட்டைகூட இல்லாத வீடு. கொஞ்சம் பாலும் தயிருமே பி12-க்கு ஒரே வழியாக இருந்திருக்கும். மகள் வீகன் ஆகும்போதே சேமிப்பு பாதிதான் இருந்ததோ என்னவோ. அதனால் மகளோடு உங்கள் ரத்தத்தையும் பார்த்துவிடுங்கள். சைவ வீடுகளில் பி12 குறைவு நம் ஊரில் சாதாரணமாகக் காணப்படுவது, அதற்கு வீகன் ஆக வேண்டியதே இல்லை.

ஒரு எச்சரிக்கை. பரிசோதனைக்கு முன் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஃபோலிக் ஆசிட் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். பி12 குறைவால் வரும் ரத்தசோகையை அது சரியானதுபோல் மறைத்துவிடும், உள்ளே நரம்பு பாதிப்பு மட்டும் தொடரும். கை கால் மரத்துப்போதல், ஊசி குத்துவதுபோன்ற உணர்வு, நாக்கு எரிச்சல் இருக்கிறதா என்று மகளிடம் கேளுங்கள். குறைவு தெரிந்தால் ஊசியா மாத்திரையா என்பதை டாக்டர் முடிவு செய்வார். குறைவு இல்லையென்றாலும், பாலுக்குத் திரும்பாதவரை அவள் மாத்திரையை விடக் கூடாது. இங்கிலாந்தில் 1944-இல் தொடங்கிய வீகன் சொசைட்டியே தன் உறுப்பினர்களுக்குத் தினம் 10 மைக்ரோகிராம், அல்லது வாரம் 2000 மைக்ரோகிராம் பி12 மாத்திரை என்று சொல்கிறது. மகள் மறுத்தால் இதைச் சொல்லுங்கள், அவள் கட்சிக்காரர்களின் சொல்தான். கேப்ஸ்யூல் உறை ஜெலட்டினாக இருக்கலாம், அதனால் மாத்திரையாகவே வாங்குங்கள்.

குழந்தை பற்றிய உங்கள் பயம் வீண் பயமில்லை. தாய்க்குப் பி12 குறைவாக இருந்தால் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கும் குறையும். கை நடுங்கி, வளர்ச்சி பின்தங்கிய பச்சைக் குழந்தைகளை நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் பல காலமாகப் பார்த்து வருகிறார்கள், பெரும்பாலும் சைவத் தாய்மாரின் பிள்ளைகள். கர்ப்பக் காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் பி12 சரியாகப் போனால் இது வராது. அதற்காகக் கல்யாணத்தைப் பற்றி இப்போதே கலங்க வேண்டாம்.

இனி மகளின் வாதத்துக்கு வருகிறேன். பெரும்பகுதி சரி. மாடு அசைபோடும்போது மீத்தேன் என்ற வாயு வருகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட அது சுமார் 27 மடங்கு சூடேற்றும். 2018-இல் பூர், நெமெசெக் என்ற இரு ஆய்வாளர்கள் 119 நாடுகளின் ஏறக்குறைய 38,700 பண்ணைகளின் விவரத்தைச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். 100 கிராம் புரதம் கிடைக்க, இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாட்டில் சுமார் 50 கிலோ வெப்ப வாயு, அதாவது பூமியைச் சூடேற்றும் வாயு. சீஸில் 11, கோழியில் 6, முட்டையில் 4 கிலோ, பயறு வகையில் ஒரு கிலோகூட இல்லை. கோழியைவிடச் சீஸ் கூட! உலகச் சராசரிதான் இது, நம் ஊர்க் கணக்கு வேறாக இருக்கும். ஆனாலும் தினம் பனீர் சாப்பிட்டுக்கொண்டு, எப்போதாவது முட்டை சாப்பிடுகிறவரைப் பார்த்து முகம் சுளிக்க முடியாது. ஒரு கிலோ பனீருக்கு ஐந்தாறு லிட்டர் பால் வேண்டும்.

ஆனால் மகள் படிப்பது பெரும்பாலும் அமெரிக்கப் பண்ணைகளைப் பற்றி இருக்கும். அங்கே மாட்டுக்கு மக்காச்சோளமும் சோயாவும் தனியாகப் பயிரிடுகிறார்கள், அதற்கு நிலமும் தண்ணீரும் போகிறது. உங்கள் மாடு தின்பது வைக்கோலும் வரப்புப் புல்லும். மனிதர் தின்னாததைத் தின்று, சாணியை வயலுக்குக் கொடுக்கிறது. இதை மகள் கணக்கில் சேர்க்க வேண்டும். நீங்கள் சேர்க்க வேண்டியது ஒன்று உண்டு. குறைவாகக் கறக்கும் மாட்டிடம் லிட்டருக்கு லிட்டர் மீத்தேன் அதிகம். கூடவே காளைக்கன்று கதை. டிராக்டர் வந்த பிறகு அது எங்கே போகிறது என்று உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்குப் போகிற வண்டியைப் பார்க்காதவர்கள் ஈரோடு மாவட்டத்தில் இருக்க மாட்டார்கள். மகள் இதைக் கேட்டால் மாமியாரை முன்னிறுத்திப் பதில் சொல்லாதீர்கள். அந்தப் பால் காசில்தான் அவளுக்கு ஃபீஸ் கட்டியிருப்பீர்கள், அது அவளுக்கும் தெரியும். அவளுக்கும் அது சுலபமான கேள்வியில்லை.

அவளிடம் நான் ஒன்று கேட்பேன். தயிர் போன இடத்தில் வந்தது என்ன? இன்னொரு கரண்டி சாதம். நீர் நின்ற நெல் வயலும் மீத்தேன் விடும். உலகச் சராசரியில் ஒரு கிலோ அரிசிக்கு நான்கு கிலோவுக்கும் மேல் வெப்ப வாயு, கோதுமைக்கு அதில் பாதிகூட இல்லை. தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல் போடும் குடும்பமென்றால், காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சி, தண்ணீர் கட்டினால் இந்த மீத்தேனைப் பாதிவரை குறைக்கலாம். அவள் லீவில் வரும்போது அப்பாவோடு வயலில் நின்று இதைப் பேசட்டும். பால் சண்டையைவிட உருப்படியான பேச்சு.

உடம்புக்கும் அதே கேள்விதான். பிரிட்டனில் 18 ஆண்டு தொடர்ந்த ஓர் ஆய்வில், சைவர்களுக்கு மாரடைப்பு வகை இதயநோய் 22 சதவீதம் குறைவு, பக்கவாதம் 20 சதவீதம் கூடுதல் என்று 2019-இல் வந்தது. அடுத்த ஆண்டு அதே ஆய்விலிருந்து, வீகன்களுக்கு எலும்பு முறிவு 43 சதவீதம் கூடுதல் என்று வந்தது. கால்சியமும் புரதமும் குறைவு, உடல் எடையும் குறைவு என்பவை காரணத்தில் ஒரு பகுதி. அவர்கள் தட்டு வேறு, நம் தட்டு வேறு என்றாலும், இருபது வயதில் எலும்பு இன்னும் கெட்டிப்பட்டுக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு ரசம் சாதம் போதாது என்பதில் சந்தேகமில்லை.

நல்லவேளை, கொங்குச் சமையலில் பாதி ஏற்கெனவே வீகன்தான், யாரும் அப்படிச் சொல்வதில்லை, அவ்வளவே. கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு கடைசல், தட்டப்பயறுக் குழம்பு, நல்லெண்ணெய் விட்ட அரிசியும் பருப்பும் சாதம், சந்தகைக்குத் தேங்காய்ப்பால். இரண்டு வேளை சாப்பாட்டிலாவது பயறு தொட்டுக்கொள்ளும் அளவில் இல்லாமல் ஒரு கிண்ணம் இருக்கட்டும். கால்சியத்துக்கு ராகிதான் முதலில். 100 கிராம் மாவில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, அவளுக்கு நாளைக்கு வேண்டியது 1000. அதோடு முருங்கைக்கீரை, எள். ஏகாதசி விரதத்துக்கு மறுநாள் உங்கள் மாமியார் சமைக்கும் அகத்திக்கீரை கால்சியத்துக்குப் பேர்போனது. அதை மாதம் இரண்டு நாளோடு நிறுத்த வேண்டாம், பேத்திக்காக என்றால் அவரே சந்தோஷமாக அரிந்து கொடுப்பார். பாலக்கைக் கால்சியத்துக்கு நம்பாதீர்கள், அதிலுள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கீரைச் சோற்றில் எலுமிச்சை பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டாம், வரக்காபியும்தான்.

ஹாஸ்டல்தான் சிக்கல். அங்கே சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும், தயிர் ஒன்றே புரதம். வறுத்த நிலக்கடலை, பொட்டுக்கடலை மாவு, எள்ளுருண்டை கட்டிக் கொடுத்தனுப்புங்கள். மீல் மேக்கரில் பாதிக்குப் பாதி புரதம், வாரம் சில நாள் நல்லதே. பாதாம் பால் வாங்கித் தரச் சொன்னால் மறுத்துவிடுங்கள், காசுதான் கரியாகும். பெரும்பாலும் தண்ணீர், புரதம் சொற்பம். பால்தான் வேண்டுமென்றால் கால்சியம் சேர்த்த சோயா பால்.

கடைசியாக உங்கள் வீட்டுக்காரர். என்னைக் கேட்டால் வீட்டில் முதலில் பார்க்க வேண்டியவர் அவர்தான். மெட்ஃபார்மினைப் பல ஆண்டு சாப்பிட்டால் உடல் பி12-ஐ உறிஞ்சுவது குறையும். கேஸ் மாத்திரையும் தினம் போடுகிறார் என்றால் இன்னும் குறையும். கூடவே முட்டையில்லாத சைவம். பாதம் எரிந்தால் சர்க்கரை என்று விட்டுவிடுகிறார்கள், சிலருக்கு அது பி12 குறைவாக இருக்கும், சிலருக்கு இரண்டும். மெட்ஃபார்மினை அவராக நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் பி12 பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். மகளுக்குச் செய்கிற கொள்ளும் ராகியும் அவர் தட்டிலும் விழட்டும், சாதம் குறையட்டும். அடுத்த முறை சர்க்கரை டாக்டரைப் பார்க்கும் நாளில் மகளையும் கூட்டிக்கொண்டு போய், மூன்று பேருமே ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள்.