ஞாயிறு இரவுக்குத்தான் கூடாரம்

பட்டறைத் திண்ணை: வாசகர் கேள்வி, மெக்கானிக் பதில்

கும்பகோணத்தில் நாற்பது வருஷமாக டூவீலர் பட்டறைத் தொழிலில் இருக்கும் நம் மெக்கானிக்குக்கு இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பைக் பந்தயத்தைப் பற்றியவை. அதனால் கார்புரேட்டர் கேள்விகள் அடுத்த இதழுக்கு.

*குறுவை நடவு முடிந்துவிட்டது. நண்பர்கள் நான்கு பேர் இரண்டு வண்டியில் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை போய் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பைக் ரேஸ் பார்க்கலாம் என்றிருக்கிறோம். லாட்ஜ் வேண்டாம், கூடாரம் அடித்துத் தங்க ஆசை. இரண்டுமே 125 சிசி வண்டி. தாங்குமா? எதை எடுத்துப் போவது?*
வாசகர், பாபநாசம்

வண்டி தாங்கும் தம்பி. தாங்காதது பின் டயர். இரண்டு ஆள், கூடாரம், போர்வை, தண்ணீர் கேன் எல்லாம் ஏறினால் சீட்டுக்குப் பின்னால் ஒரு மூட்டை நெல் வைத்த மாதிரிதான். செயின் கவரிலோ, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ காற்று அளவு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு என்று தனியாகப் போட்டிருப்பான். அந்த அளவுக்குக் காற்று பிடியுங்கள். செயினைத் தளர்வு பார்த்து எண்ணெய் விடுங்கள். கிளட்ச் ஒயர் ஒன்று, பிளக் ஒன்று உபரியாக வையுங்கள். மூட்டையைக் கட்டப் பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் எலாஸ்டிக் கயிறு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மூட்டை சைலன்சரில் படக்கூடாது. இதை நான் பட்டுத்தான் கற்றேன். 1980-களின் நடுவில், பந்தயம் இன்னும் சோழவரத்தில் நடந்துகொண்டிருந்த காலம். அது இரண்டாம் உலகப் போரில் போட்ட விமான ஓடுதளம். என் முதலாளி அவருடைய யெஸ்டி பைக்கில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். யெஸ்டிக்கு சிலிண்டர் ஒன்று, சைலன்சர் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. யூரியா சாக்கில் போர்வையைத் திணித்து வலது பக்கம் கட்டினேன். அணைக்கரை தாண்டுவதற்குள் தீய்ந்த நாற்றம். சரி என்று இடது பக்கம் மாற்றிக் கட்டினேன். பண்ருட்டியில் அதுவும் போச்சு. முதலாளி திட்டவில்லை. “மூணாவது பக்கம் ஏதாவது இருக்கா பாருடா” என்றார்.

வழி உங்களுக்கே தெரியும். அணைக்கரை, சேத்தியாத்தோப்பு, வடலூர், பண்ருட்டி, விக்கிரவாண்டி. அதற்குப் பிறகு பெரிய ரோடு. இருசக்கர வண்டிக்கு டோல் கிடையாது. சென்னைக்குள் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். சிங்கப்பெருமாள்கோவிலில் இடது பக்கம் திரும்பி ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போய்விட்டால், அங்கிருந்து பந்தயத் திடல் கூப்பிடு தூரம். மொத்தம் முந்நூறு கிலோமீட்டருக்குள்தான். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் பாதிக்கு மேல் தாண்டிவிடலாம்.

கூடாரத்துக்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டை என்பது சிப்காட் தொழிற்பேட்டை. சுற்றிலும் தொழிற்சாலை மதில். திடலுக்குள்ளே கூடாரம் போடலாம் என்று நீங்களாக முடிவு கட்டிக்கொண்டு போகாதீர்கள். கொஞ்சம் தள்ளி, கிராமத்துப் பக்கம் போய் மோட்டார் கொட்டகை உள்ள ஒரு வயல்காரரிடம் கேளுங்கள். “நாங்களும் தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயிதான்” என்று சொல்லிப் பாருங்கள். எனக்கு ஒருவர் கொட்டகை ஓரம் இடம் கொடுத்ததோடு, இந்த வருஷம் மேட்டூர் எப்போது திறந்தார்கள் என்று ஒரு மணி நேரம் விசாரித்தார்.

ஒன்று மட்டும் கவனம். அந்தப் பக்கம் புல் முளைத்துச் சமதளமாக, அழகாகத் தெரியும் இடம் பெரும்பாலும் ஏரி உள்வாய், மழை வந்தால் தண்ணீர் நிற்கும் இடம். பகலெல்லாம் வெயில் காயும், ராத்திரி பத்து மணிக்கு இடியோடு கொட்டும். தென்மேற்குப் பருவத்தில் அந்த வட்டாரம் அப்படித்தான். மேடாகப் பார்த்துப் போடுங்கள். சுற்றி நாலு விரல் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி ஒரு பக்கம் மடை விடுங்கள். மடை வெட்ட உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. களத்துமேட்டில் நெல்லுக்குக் காவல் படுத்தவனுக்குக் கூடாரம் ஒரு வித்தையே இல்லை. கொசுவலை, டார்ச், தார்ப்பாய் போதும். அடுப்பு வேண்டாம், முதல் நாளுக்குப் புளிச்சோறு கட்டிக்கொள்ளுங்கள்.

*சும்மா சுற்றிச் சுற்றித்தானே ஓட்டுகிறார்கள்? இரண்டு நாள் உட்கார்ந்து பார்க்க அதில் என்ன இருக்கிறது?*
வாசகர், திருவையாறு

இருங்காட்டுக்கோட்டைத் திடலில் ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், 12 வளைவு. 165 சிசி வண்டிகள் அதை இரண்டு நிமிடத்தை ஒட்டி முடிக்கும். சராசரியே 110-ஐத் தொடுகிறது, வளைவையும் சேர்த்து. உங்கள் ஊர் ஆற்றங்கரை வளைவை மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

பெரிய சிசிக்காகக் காத்திருக்காதீர்கள், சின்ன வண்டிப் பந்தயம்தான் ருசி. எல்லாம் ஏறக்குறைய ஒரே சக்தி. அதனால் நேர் ரோட்டில் யாரும் யாரையும் சுலபத்தில் விட்டுப் போக முடியாது. முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துக்கொண்டு போவான். அவன் முதுகில் ஒட்டிப் போகிறவனுக்குக் காற்று மறைந்து வேகம் மிச்சமாகும். கடைசி நொடியில் வெளியே எட்டிப் பார்த்துத் தாண்டுவான். அடுத்த சுற்றில் இவன் அவனை. ஆகவே முதலிடத்தில் வருகிறவன் நிம்மதியாக வருகிறான் என்று நினைக்காதீர்கள். கடைசிச் சுற்றில் வேண்டுமென்றே இரண்டாவதாக வருகிறவர்கள் உண்டு.

நேர் ரோட்டில் நிற்காதீர்கள், சர்ரென்ற சத்தம் மட்டும்தான் மிஞ்சும். நேர் ரோடு முடிந்து பிரேக் பிடிக்கும் வளைவு எங்கிருந்து தெரிகிறதோ அங்கே உட்காருங்கள். பின் சக்கரம் தரையை விட்டு எழும்பி ஆடுவது தெரியும். யார் முதலில் பிரேக்கைத் தொடுகிறான், யார் பொறுக்கிறான் என்று காதாலேயே சொல்லிவிடலாம்.

கோயம்புத்தூரில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் பார்க்கத் தகுந்ததுதான். 2.1 கிலோமீட்டர், சின்னத் திடல். பந்தய கார்களை இங்கேயே கட்டிக் காட்டிய எஸ். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். அவர் பேரில் 2003-ல் திறந்தார்கள்.

*பெண்கள் போய்ப் பார்க்கலாமா? நானும் என் தங்கையும் ஆளுக்கொரு ஸ்கூட்டி ஓட்டுகிறோம்.*
வாசகி, நாகப்பட்டினம்

பார்ப்பது என்னம்மா, ஓட்டுகிறார்களே! தேசிய சாம்பியன்ஷிப்பில் பெண்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அனுமதி இருந்தால் பேடாக் பக்கம், அதாவது பந்தய வண்டிகளை நிறுத்தித் தயார் செய்யும் இடத்துக்குப் போய் வண்டிகளைக் கிட்ட நின்று பாருங்கள். ஹெட்லைட் இருக்காது, கண்ணாடி இருக்காது, சைடு ஸ்டாண்டும் இருக்காது. ஆயில் டிரெயின் போல்ட்டில் ஓட்டை போட்டு மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்டியிருப்பார்கள். அது கழன்று ஆயில் கொட்டினால் பின்னால் வருகிற அத்தனை பேரும் விழுவார்கள். ஆயில் சிந்திய இடத்தில் காட்டும் கொடி மஞ்சளும் சிவப்பும் கோடு போட்டது. எனக்கு அந்தக் கம்பி முறுக்கைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஸ்கூட்டியில் அவ்வளவு தூரம் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். செங்கல்பட்டு வரை ரயிலில் போய்விடுங்கள்.

*என் மகனுக்கு 22 வயது. இந்தப் பந்தயத்துக்கு பைக்கில் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். பயமாக இருக்கிறது. அனுப்பலாமா?*
ஒரு தாய், மயிலாடுதுறை

அனுப்புங்கள் அம்மா. ஆனால் எப்போது திரும்புவாய் என்று கேளுங்கள். “ஞாயிற்றுக்கிழமை ராத்திரியே வந்திடுவேன்” என்றால் அனுப்பாதீர்கள்.

பந்தயம் பார்க்கப் போகும்போது ஆபத்து குறைவு, திரும்பும்போதுதான். இரண்டு நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டவன் கை தன்னால் முறுக்கும். சோழவரத்திலிருந்து கிளம்பியபோது ரோட்டில் இருந்த ஒவ்வொருவனும் தன்னைப் பந்தய வீரனாக நினைத்துக்கொண்டிருந்தான், பால்காரர் உட்பட. என் முதலாளி சாவியைப் பையில் போட்டுக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்தார். ஒரு டீ, இரண்டு டீ, மூன்று டீ. “காதுல இரைச்சல் நின்னுதா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் பொய் சொன்னேன். அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டு, இன்றைக்கு இங்கேயே படுக்கிறோம் என்றார். தீய்ந்த போர்வையைப் போர்த்திக்கொண்டு அந்தக் கடைத் திண்ணையிலேயே படுத்தோம். விடிந்து கிளம்பினால் நாற்பதுக்கு மேல் போக எனக்கே மனசு வரவில்லை.

எல்லோரும் வெள்ளி ராத்திரிக்கும் சனி ராத்திரிக்கும் கூடாரம் வாங்குகிறார்கள். அது ஞாயிறு ராத்திரிக்குத்தான் வேண்டும். பாபநாசம் தம்பிகளும் இதைப் படிக்கட்டும். திங்கள் காலை கிளம்பி, மதியம் வடலூரில் நிறுத்தி, வள்ளலார் 1867-ல் மூட்டிய அடுப்பில் வெந்த சோற்றைத் தருமசாலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரட்டும். அங்கே பந்தி முடியாமல் யாரும் எழுந்து ஓட முடியாது. உங்கள் மகனுக்கு அது நல்லது.

*வெளிநாட்டில் ஆயிரக்கணக்கான பேர் கூடாரம் அடித்து பைக் பந்தயம் பார்ப்பார்களாமே?*
மாணவர், திருவாரூர்

இங்கிலாந்துப் பக்கம் இருக்கும் ஐல் ஆஃப் மேன் தீவுப் பந்தயத்தைச் சொல்கிறீர்கள். 1907-லிருந்து நடக்கிறது. ஜனங்கள் தினமும் போய்வரும் ரோட்டையே அடைத்துவிட்டு ஓட்டுவார்கள். ஒரு சுற்று 60 கிலோமீட்டருக்கு மேல். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போய், பாதி வழி திரும்பி வந்த மாதிரி. ஊர் முழுக்க வீட்டு மதில்மேல் உட்கார்ந்து பார்க்கும். உயிர்ப்பலியும் நிறைய. நம் நாட்டில் மோட்டோ ஜிபி என்னும் உலக பைக் பந்தயம் 2023 செப்டம்பரில் நொய்டா பக்கம் புத் சர்க்யூட்டில் நடந்தது. இத்தாலிக்காரர் மார்கோ பெட்ஸெக்கி ஜெயித்தார். டிவியில் பார்த்தேன். டிவியில் பெட்ரோல் வாசனை வரவில்லை.

*நீங்கள் முன்பும் எழுதிய அந்த யெஸ்டி இப்போது எங்கே? விற்பதாக இருந்தால் சொல்லவும்.*
வாசகர், மன்னார்குடி

முதலாளி போன பிறகு அவர் வீட்டில் எனக்கே கொடுத்துவிட்டார்கள். பட்டறை மூலையில் நிற்கிறது. இரண்டு சைலன்சரிலும் சாக்கு உருகி ஒட்டிய கறை இருக்கிறது, சுரண்டவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் உதைத்துக் கிளப்புகிறேன். விலை கேட்டு வருகிறவர்களிடம் எஞ்சின் ரீபோர் பண்ணணும், ரொம்பச் செலவு இழுக்கும் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். உங்களுக்கும் அதேதான் சார், ரீபோர் பண்ணணும்.