பார்லித் தண்ணீரும் ஒரு மணைப்பலகையும்

நான்கு வயது மகளுக்கு ஆறு மாதத்தில் மூன்று முறை சிறுநீர்த் தொற்று வந்துவிட்டது, ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் கொடுக்கப் பயமாக இருக்கிறது, இயற்கை வைத்தியத்தில் நிறுத்த முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மருத்துவர் இல்லை. என் மகளுக்கு மூன்றரை வயதில் தொடங்கி ஐந்து வயதுக்குள் ஐந்து முறை வந்தது. பார்லி முதல் நெருஞ்சில் வரை எங்கள் அடுப்பில் கொதிக்காத பொருள் இல்லை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: வந்துவிட்ட தொற்றுக்கு மருத்துவர் தரும் ஆன்டிபயாடிக்தான். அடுத்தது வராமல் தடுப்பதில் வீட்டில் செய்ய நிறைய இருக்கிறது. அதில் பெரும்பகுதி சமையலறையில் இல்லை, கழிப்பறையில் இருக்கிறது.

முதலில் எங்கள் தவறு. இரண்டாம் முறை வந்தபோது வெயில் காலம். "சூட்டுக் கடுப்பு" என்று வீட்டில் எல்லோரும் தீர்ப்புச் சொல்லிவிட்டோம். மாமியார் தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார், நான் பார்லி காய்ச்சினேன். மூன்றாம் நாள் குளிர் நடுக்கத்தோடு 103 டிகிரி காய்ச்சல், வாந்தி. தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருந்தது. மருத்துவமனையில் சேர்த்து ஊசியில் மருந்து ஏற்றினார்கள். இப்படி ஏறிய தொற்றைத் தாமதித்தால் சிறுநீரகத்தில் தழும்பு விழலாம் என்று மருத்துவர் சொன்னபோது மாமியாரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. விளக்கெண்ணெய் ஒன்றும் கெடுதல் செய்யவில்லை. கெடுத்தது அந்த இரண்டு நாள்.

நான்காம் முறை வேறொரு குழந்தை மருத்துவரிடம் போனோம். அவர் சிறுநீரைப் பற்றிக் கேட்கும் முன்பே, "மலம் எப்படிப் போகிறாள்?" என்றார். தினமும் போகிறாள் என்றேன். எப்படி இருக்கும் என்று விடவில்லை. ஆட்டுப்புழுக்கை போல என்று சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. வயிற்றின் இடப்பக்கம் அவர் அழுத்திக் காட்டினார், கல் உருண்டை போலக் கைக்குத் தட்டுப்பட்டது. மலக்குடல் நிரம்பி நின்றால் முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையை நெருக்கும், பை முழுதாகக் காலியாகாது. தேங்கிய நீரில் கிருமி பெருகும். பெரும்பாலான தொற்றுக்குக் காரணமான ஈ.கோலை கிருமி குடலிலிருந்து வருவதுதான். பெண் குழந்தைகளுக்குச் சிறுநீர் வழி குட்டை என்பதால் அதற்கு ஏறுவது சுலபம்.

இன்னொன்றும் கேட்டார்: விளையாடும்போது திடீரென்று குந்தி, குதிகாலை அடியில் கொடுத்து அழுத்தி உட்காருவாளா? உட்காருவாள்! அதை ஏதோ விளையாட்டு என்று நினைத்து நாங்கள் சிரித்திருக்கிறோம். அவள் சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து செய்தவை இவைதான். எங்கள் வீட்டில் மேற்கத்தியக் கழிப்பறை, அவள் கால் அந்தரத்தில் தொங்கும். தொங்கும் காலோடு குழந்தையால் தளர்ந்து உட்கார முடியாது. பரணில் கிடந்த மணைப்பலகையை எடுத்து, அடியில் இரண்டு செங்கல் கொடுத்துக் காலுக்குக் கீழே வைத்தோம். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, "வருகிறதா?" என்று கேட்காமல் கூட்டிப்போய் உட்கார வைத்தோம். கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள். போய் முடித்ததும் இருபது எண்ணிவிட்டு மறுபடி ஒருமுறை முயலச் சொல்வோம், மிச்சம் வரும். நாள் முழுதும் நான்கு டம்ளர் பால் குடித்துக்கொண்டிருந்தவளுக்கு இரண்டாகக் குறைத்தோம். ஊறவைத்த கருந்திராட்சை, கொய்யா, பப்பாளி, கீரை சேர்த்தோம். கூடவே மலம் இளக்கும் மருந்தும் மருத்துவர் சொன்னபடி சில மாதங்கள் கொடுத்தோம். அதை இயற்கை வைத்தியத்தில் சேர்க்க முடியாது, ஆனால் அது இல்லாமல் முடிந்திருக்காது.

பள்ளிதான் பெரிய தலைவலி. கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை என்பதால் காலை எட்டு முதல் மாலை மூன்று வரை அடக்கியிருக்கிறாள். போகாமல் இருக்கத் தண்ணீரும் குடிப்பதில்லை, பாட்டில் அப்படியே திரும்பி வரும். வகுப்பாசிரியரிடம் மருத்துவர் சீட்டைக் காட்டிப் பேசினேன். கேரளத்தில் 2019-இல் பள்ளிகளில் தண்ணீர் குடிக்கவென்றே மணி அடிக்கத் தொடங்கினார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் கூடவே தாழ்ப்பாளும் போட வேண்டும்.

இனி நீங்கள் கேட்ட கைவைத்தியம். பார்லித் தண்ணீர், இளநீர், நீர்மோர் எல்லாம் நல்லவை, ஏனென்றால் அவை நீர். கிருமியைக் கொல்வதாக நினைத்துக் கொடுக்காதீர்கள். என் மகள் பார்லியை உப்பும் எலுமிச்சையும் போட்டால் மட்டும் குடிப்பாள். சிறுநீரகத்தில் ஏற்கெனவே குறை உள்ள குழந்தைக்கு இளநீரைக்கூடக் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், பொட்டாசியம் அதிகம். நெருஞ்சில், சிறுபீளைக் கஷாயத்தைப் பெரியவர் அளவில் குழந்தைக்குப் புகட்டியதை நினைத்து இப்போது வருந்துகிறேன். சமையல் சோடா கலந்த தண்ணீர் வேண்டவே வேண்டாம். கிருமிநாசினி கலந்து கழுவுவதும் வேண்டாம், எரிச்சல்தான் மிச்சம். வெறும் தண்ணீரில் முன்னிருந்து பின்னாகக் கழுவினால் போதும். இரவில் அடியில் அரிப்பு என்றால் கீரிப்பூச்சி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கிரான்பெரி என்ற புளிப்பான சிவப்புப் பழத்துக்கு மட்டும் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது. 2023-இல் வந்த, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு, குழந்தைகளுக்கும் அது தொற்று திரும்ப வருவதைக் குறைக்கிறது என்று சொன்னது. தடுக்கத்தான், குணப்படுத்த இல்லை. நம் கடைகளில் கிடைக்கும் பாட்டில் சாற்றில் சர்க்கரை அதிகம் என்பதால் நான் வாங்கவில்லை.

மூன்று முறை வந்துவிட்டதால் ஸ்கேன் எடுத்தார்களா? சில குழந்தைகளுக்குச் சிறுநீர், சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரகத்துக்கே பின்னோக்கிப் போகும். அதை எந்தப் பானமும் சரிசெய்யாது. அப்படிப்பட்ட 607 குழந்தைகளிடம் நடந்த ஓர் அமெரிக்க ஆய்வு 2014-இல் வெளிவந்தது. தினமும் சிறு அளவு ஆன்டிபயாடிக் கொடுத்ததில் தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, சிறுநீரகத் தழும்பு மட்டும் குறையவில்லை. அதனால் தொடர்ந்து மருந்து தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் விவாதிக்கலாம்.

அடுத்த முறை காய்ச்சல் வந்தால், மருந்தின் முதல் வேளைக்கு முன்பே, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்குச் சிறுநீர் எடுத்துவிடுங்கள். மருந்து கொடுத்த பின் எடுத்து ஒரு முறை ஏமாந்தோம், கிருமியே வளரவில்லை. கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைக் குப்பியில் பிடிக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகம் போக முடியாவிட்டால் நன்றாக மூடி பிரிட்ஜில் வைக்கலாம். எங்கள் வீட்டில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் அந்தக் குப்பியைப் பார்த்த மாமியார், மாவை அப்படியே கொட்டிவிட்டு அன்று மூன்று வேளையும் உப்புமா கிண்டினார்.