குழாய்ச் சட்டக ஸ்போர்ட்ஸ் கார் கட்ட விரும்பும் மகள்: தந்தையின் கேள்விக்கு ஒரு பதில்

அன்புள்ள ஐயா,

இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள், எஃகுக் குழாய்களை வெட்டிப் பற்றவைத்துத் தானே ஒரு ஸ்போர்ட்ஸ் காரைக் கட்டப்போவதாகச் சொல்வதையும், அதனால் மதிப்பெண் குறையுமோ, பணம் வீணாகுமோ, கடைசியில் இதைக் காட்டி ஒரு வேலையாவது கிடைக்குமோ என்று தாங்கள் கவலைப்படுவதையும் எழுதியிருக்கிறீர்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காருக்காக யாரும் வேலை கொடுக்கப் போவதில்லை. ஆனால், அதில் உள்ள ஒவ்வொரு குழாயும் ஏன் அந்த இடத்தில், அந்த அளவில் இருக்கிறது என்று காரணத்தோடு சொல்லக்கூடிய பட்டதாரிக்கு வேலை கிடைப்பது எளிதாகிறது. ஆகவே அவர் காரைக் கட்டுகிறாரா என்பதைவிட எப்படிக் கட்டுகிறார் என்பதையே தாங்கள் கவனிக்க வேண்டும்.

குழாய்களைப் பின்னிக் காரின் எலும்புக்கூட்டை அமைக்கும் இந்தக் கட்டுமான முறையின் இன்றைய நிலையை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1954இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்.எல். காரின் சட்டகம் மிகவும் இலகுவானது. ஆனால் பக்கவாட்டில் குழாய்கள் உயரமாக ஓடியதால் வழக்கமான கதவு வைக்க இடமில்லாமல், கதவுகளை மேல்நோக்கித் திறக்கும்படி அமைக்க வேண்டியதாயிற்று. 1959இல் மசெராட்டி நிறுவனம் ஏறத்தாழ 200 மெல்லிய குழாய்களைக் கோத்து அமைத்த டிப்போ 61 பந்தயக் காரை, அதன் தோற்றத்தைப் பார்த்துப் ‘பறவைக்கூண்டு’ என்றே அழைத்தார்கள். 1962இல் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மனின் லோட்டஸ் 25, தகடுகளால் ஆன, உடலே சட்டகமாகவும் சுமை தாங்கும் மோனோகாக் அமைப்போடு ஃபார்முலா ஒன் களத்துக்கு வந்தபின், அங்கே குழாய்ச் சட்டகத்தின் காலம் விரைவில் முடிந்தது. பெருமளவில் உற்பத்தியாகும் சாலைக் கார்களோ எஃகுத் தகட்டை அச்சில் அழுத்திப் புள்ளிப் பற்றவைப்பால் இணைக்கப்படுபவை. குழாய்ச் சட்டகம் இன்று உயிரோடு இருப்பது அமெரிக்காவின் நாஸ்கார் போன்ற கார் பந்தயங்களிலும், கரடுமுரடான நிலத்தில் ஓடும் வண்டிகளிலும், குறைந்த எண்ணிக்கையில் கார் கட்டும் சிறு நிறுவனங்களிலும், மாணவர் போட்டிகளிலும்தான். எனவே ‘குழாய்ச் சட்டக வடிவமைப்பாளர்’ என்ற பெயரில் பதவி தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

அப்படியானால் அவர் இதிலிருந்து பெறுவது என்ன? பொருள் தேர்விலேயே அது தொடங்கிவிடுகிறது. இத்துறையில் நுழையும் மாணவர்களில் பலர், குரோமியமும் மாலிப்டினமும் கலந்த 4130 எஃகுதான் வேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்துவிடுகிறார்கள். தங்கள் மகளிடம் ‘ஏன்?’ என்று கேட்டுப் பாருங்கள். 4130 எஃகின் வலிமை சாதாரண மைல்டு ஸ்டீலைவிட அதிகம் என்பது உண்மை. ஆனால் இரண்டின் மீள்தன்மைக் குணகமும் (பொருள் நெளிவதை எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவு) ஏறத்தாழ 200 ஜிகாபாஸ்கல் என்ற ஒரே அளவில் இருப்பதால், ஒரே பரிமாணமுள்ள குழாய்கள் ஒரே சுமையில் ஒரே அளவுதான் வளையும். சட்டகம் முறுக்கப்படும்போது நெளியாமல் இருப்பதே நோக்கம் என்றால், விலை கூடிய எஃகை வாங்குவதால் மட்டும் அது நிறைவேறாது. விட்டத்தைக் கூட்டுவது வேறு வகையான தீர்வு: சுவரின் தடிமனை மாற்றாமல் விட்டத்தை இரு மடங்காக்கினால் எடையும் இரு மடங்காகும், வளைவை எதிர்க்கும் விறைப்போ ஏறத்தாழ எட்டு மடங்காகும். ஆனால் முக்கோணங்களாகச் சரிவரப் பின்னப்பட்ட சட்டகத்தில் குழாய்கள் பெரும்பாலும் நீளவாக்கில் இழுக்கப்படவோ அழுத்தப்படவோதான் வேண்டும் என்பதால், அங்கே வளைவைப் பற்றி அதிகம் கவலைப்பட நேர்ந்தாலே எங்கோ ஒரு மூலைவிட்டக் குழாய், அதாவது நாற்கோணத்தை இரு முக்கோணங்களாகப் பிரிக்கும் குறுக்குக் குழாய், விடுபட்டிருக்கிறது என்று பொருள். இந்த வாதத்தை ஒரு மாணவி தன் சொந்த எண்களோடு பத்து நிமிடம் எடுத்துச் சொல்ல முடிந்தால், நேர்காணலில் எதிரே அமர்ந்திருப்பவர் காரின் புகைப்படத்தைக்கூடக் கேட்க மாட்டார்.

மூலைவிட்டம் என்று சொல்வது எளிது. ஓட்டுநர் உள்ளே இறங்க ஒரு திறப்பு வேண்டும், இயந்திரத்தை மேலே தூக்கி எடுக்க இன்னொரு திறப்பு வேண்டும். முக்கோணம் மிகவும் தேவைப்படும் இடங்களும் அவைதான். போல்ட் போட்டுக் கழற்றக்கூடிய குழாயை வைப்பதா, பக்கச் சட்டங்களை ஆழமாக்குவதா, இயந்திரத்தையே கட்டமைப்பின் ஓர் உறுப்பாக்குவதா என்று முடிவெடுக்கும் இடத்தில், பாடப்புத்தகத்தில் விடை இல்லாத பொறியியலை அவர் முதன்முறையாகச் சந்திப்பார்.

அடுத்தது பட்டறை வேலை. ஒரு குழாய் இன்னொரு குழாயின் வளைந்த பரப்பில் வந்து சேரும் முனையை மீன்வாய் வடிவில் வெட்டி, இடைவெளி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அரத்தால் ராவிப் பொருத்த வேண்டும். இடைவெளியைப் பற்றவைப்புக் கம்பியால் நிரப்பிவிடலாம் என்று நினைப்பவரின் இணைப்பு பார்வைக்கு நன்றாக இருந்தாலும் நம்பத்தக்கதாக இருக்காது. சட்டகம் முழுவதையும் குழாய்களை அசையாமல் உரிய இடத்தில் பிடிக்கும் ஜிக் மேசையில் பூட்டி, முதலில் எல்லா முனைகளிலும் புள்ளி புள்ளியாக மட்டும் பற்றவைத்து, மூலைவிட்ட நீளங்களை அளந்து சரிபார்த்த பிறகே முழுப் பற்றவைப்புக்குப் போக வேண்டும். அதையும் ஒரே பக்கமாகச் செய்யாமல் இடம், வலம், முன், பின் என மாறி மாறிச் செய்வது, குளிரும்போது சுருங்கும் உலோகம் சட்டகத்தை ஒரு பக்கமாக இழுத்துவிடாமல் இருப்பதற்காக. சஸ்பென்ஷன் கைகளோ ஸ்டியரிங் ராக்கோ (சக்கரங்களைத் திருப்பும் பற்சட்டம்) பொருந்தும் இடம் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும், சக்கரம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது கார் தானாகத் திசை மாறும் குணத்தைப் பெற்றுவிடக்கூடும். டிக் (TIG) எனப்படும், மந்த வாயுப் பாதுகாப்பில் டங்ஸ்டன் முனையால் செய்யும் மின்வில் பற்றவைப்பைத் தேர்ந்த ஒருவரிடம் நேரில் கற்று, மாதிரித் துண்டுகளைப் பற்றவைத்து, குறுக்கே அறுத்தும் வளைத்தும் பார்த்துத் தேறிய பிறகே அவர் சட்டகத்தைத் தொட வேண்டும். பற்றவைப்பைக் கைத்தொழில் என்று தாழ்வாக நினைக்கும் பெற்றோர் உண்டு. பற்றவைப்பு ஆய்வு, பொருளைச் சிதைக்காமல் சோதிக்கும் முறைகள் ஆகியவை கப்பல் முதல் அணுமின் நிலையம் வரை தேவைப்படும் தனித் துறைகள் என்பதை நினைவில் வையுங்கள்.

சட்டகம் உருவானதும் பலர் நேராக இயந்திரத்தைப் பொருத்தப் போய்விடுவார்கள். அதற்கு முன்பே முறுக்குச் சோதனையைச் செய்யும்படி தங்கள் மகளிடம் வலியுறுத்துங்கள். சட்டகத்தின் பின்பகுதியை அசையாமல் பிடித்துக்கொண்டு, முன்பகுதியில் குறுக்காக ஓர் உத்திரத்தைப் பொருத்தி, அதன் ஒரு முனையில் எடையைத் தொங்கவிட்டு, நுண்ணிய நகர்வை அளக்கும் டயல் கேஜ்களால் ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்தால், ஒரு பாகை திருகுவதற்கு எத்தனை நியூட்டன் மீட்டர் தேவை என்பது கிடைக்கும். கட்டமைப்பைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணினியில் செய்த ஃபைனைட் எலிமென்ட் கணக்கு சொன்ன எண்ணும் இதுவும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. பிடிமானம் நழுவியதா, கணக்கில் முனைகளை அளவுக்கு மீறி விறைப்பாக எடுத்துக்கொண்டாரா, ஏதேனும் ஒரு பலகத்தில், அதாவது குழாய்களால் சூழப்பட்ட ஒரு கட்டத்தில், மூலைவிட்டம் குறைகிறதா என்று தேடி எழுதும் அந்த நான்கைந்து பக்கங்கள்தான், என் மதிப்பில், இந்த முயற்சி முழுவதிலும் அவர் கையில் இருக்கப்போகும் மிக விலைமதிப்புள்ள ஆவணம்.

எந்தப் பிரிவை நோக்கிப் போவது என்பதையும் இந்த வேலையே காட்டிக்கொடுக்கும். யாரும் சொல்லாமலே அவர் எந்த வேலைக்குத் திரும்பத் திரும்பப் போகிறார் என்று கவனியுங்கள். கணினி மாதிரியைத் திருத்திக்கொண்டே இருப்பவருக்குக் கட்டமைப்புப் பகுப்பாய்வுத் துறை பொருந்தும். அதில் கற்றது விமானம், ரயில், பாலம் என எங்கும் செல்லுபடியாகும். சக்கரத்தின் சாய்வான கேம்பர் கோணத்தையும், திருப்பத்தில் காரின் உடல் சாயும் மையமான உருள்மையத்தையும் பற்றி உணவு வேளையிலும் பேசுபவருக்கு வாகன இயக்கவியலும் சோதனைத் துறையும் உண்டு. பெரும்பாலான மாணவர்கள் தள்ளிப்போடும் மின்கம்பி இணைப்பையும் கட்டுப்பாட்டு மின்னணுவியலையும் அவர் விரும்பிச் செய்தால், அந்த விருப்பத்தை வளர்த்துவிடுங்கள். மின்வாகனங்கள் பெருகும் இக்காலத்தில் இயந்திரவியலும் மின்னியலும் தெரிந்தவருக்கு உள்ள மதிப்பு கூடிக்கொண்டே போகிறது.

கல்லூரியில், மாணவர்களே சிறு பந்தயக் காரை வடிவமைத்துக் கட்டிப் போட்டியிடும் ஃபார்முலா ஸ்டூடண்ட் அல்லது ஃபார்முலா எஸ்.ஏ.இ. அணி இருந்தால், சொந்தக் காருக்கு முன் அதில் சேரச் சொல்வதே என் உறுதியான பரிந்துரை. ஃபார்முலா எஸ்.ஏ.இ. போட்டியின் 1000 புள்ளிகளில் 325, கார் ஓடாமலேயே வடிவமைப்பு, செலவுக் கணக்கு, வணிக விளக்கம் ஆகியவற்றுக்குக் கிடைப்பவை; ஏறத்தாழ 22 கிலோமீட்டர் ஓடும் நெடுந்தாங்கு பந்தயத்துக்கு 275. அந்தத் தூரத்தை முடிக்காமல் எண்ணெய்க் கசிவாலோ அறுந்த கம்பியாலோ நின்றுபோகும் அணிகள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. கெடு தேதி, தொழில்நுட்ப ஆய்வாளரின் கண்டிப்பு, கருத்து ஒத்துப்போகாத சக மாணவரோடு வேலை செய்வது ஆகியவற்றைத் தனியாகக் கார் கட்டுபவர் கற்க வாய்ப்பில்லை.

அணி இல்லாத நிலையில் சொந்தமாகத்தான் கட்ட வேண்டும் என்றால், 1957இல் வந்த லோட்டஸ் செவன் வழியிலான, முன்னால் இயந்திரமும் பின்னால் உந்துசக்கரமும் கொண்ட எளிய இருவர் காரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இயந்திரம், கியர்பெட்டி, சக்கர மையங்கள், ஸ்டியரிங் எல்லாவற்றையும் ஒரே பழைய காரிலிருந்து எடுத்துக்கொண்டால் பொருத்தச் சிக்கல்கள் பாதியாகும். சக்கரங்களில் நிற்கும் சட்டகத்தைப் பார்த்து வேலை முடியப்போகிறது என்று மகிழ வேண்டாம்: பிரேக் குழாய்கள், மிதிகள், குளிரூட்டும் அமைப்பு, எரிபொருள் தொட்டி, மின்கம்பிகள் எனப் பணமும் காலமும் அதிகம் கரைவது அதற்குப் பிறகுதான். இது சாலையில் ஓட வேண்டிய காரா, பந்தயத் தடத்துக்கு மட்டுமா என்பதை முதல் குழாயை வெட்டுவதற்கு முன்பே முடிவு செய்து, பதிவு அதிகாரிகளின் விதிகளை எழுத்தில் பெற்றுவிடுங்கள். தனியாகக் கட்டப்படும் கார்களுக்கென்று பிரிட்டனில் இருப்பதைப் போன்ற தனி ஒப்புதல் சோதனை எல்லா நாடுகளிலும் கிடையாது. தலைக்கு மேலுள்ள பாதுகாப்பு வளையம், இருக்கைப் பட்டை, பிரேக் ஆகிய மூன்றையும் தகுதியுள்ள ஒருவர் சோதித்துக் கையெழுத்திடாமல் கார் ஒரு மீட்டர்கூட ஓடக் கூடாது என்பதில் தாங்கள் தயவுதாட்சண்யம் காட்டக் கூடாது. தேர்வு மாதங்களில் பட்டறை பூட்டியிருக்க வேண்டும் என்பதும் அப்படியே. பட்டப்படிப்பு முடியாமல் நின்றுபோனால், முன்னே சொன்ன எந்தத் துறையின் கதவும் எளிதில் திறக்காது.

பணம் கொடுப்பதற்கு முன் அவரிடம் இரண்டைக் கேளுங்கள். ஒன்று, காரின் மொத்த எடை எவ்வளவு இருக்க வேண்டும், அதில் ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு என்று எழுதிய ஒரே ஒரு பக்கம். மற்றொன்று, சிறு அளவில் பால்சா மரக் குச்சிகளை ஒட்டிச் செய்த சட்டக மாதிரி. அந்த மாதிரியை இரு கைகளாலும் பிடித்து மெதுவாக முறுக்குங்கள். எந்தப் பலகம் முதலில் நெளிகிறது என்பது பொறியியல் படிக்காத தங்கள் கண்ணுக்கும் தெரியும். அதை எப்படிச் சரிசெய்யப் போகிறாய் என்று கேட்டால், அவர் ஒரு குச்சியை எடுத்துச் சரியான மூலைவிட்டத்தில் ஒட்டி, மறுபடியும் தங்கள் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் முதல் தவணையைத் தாருங்கள். இல்லையென்றால் அடுத்த விடுமுறை வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.